ஆயிரம் மீட்டருக்கு மேலே ஒரு வெல்டிங் பிளான்ட்

வெல்டிங் பிளான்ட்டுகளுக்கென்று ஐ.ஈ.சி. 60974 என்றொரு சர்வதேசத் தரம் இருக்கிறது. இயந்திரம் எந்தச் சூழலில் ஓடும் என்று அதன் முதற்பகுதி சிலவற்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. சுற்றுப்புற வெப்பநிலை 40 பாகை செல்சியஸைத் தாண்டாது. காற்றின் ஈரப்பதன் 20 பாகையில் 90 வீதத்துக்கு மேல் போகாது. இடம் கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்குள் இருக்கும்.

ஹட்டன் ஏறக்குறைய 1270 மீட்டரில் இருக்கிறது, நுவரெலியா 1868 மீட்டரில். தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை, ராகலை எல்லாமே அந்த ஆயிரத்துக்கு மேல்தான். அதாவது, கொழும்பில் வாங்கிப் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற்றி லயத்துக்குக் கொண்டுவந்த இயந்திரம், வட்டவளையைத் தாண்டி மேலே ஏறும்போதே தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதை யார் வாசிக்கிறார்கள்?

இது பயப்பட வேண்டிய விஷயமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறையும். கடலோரத்தில் 101 கிலோபாஸ்கலாக இருப்பது நுவரெலியாவில் 81 அளவுக்கு இறங்கிவிடும். அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதிப்பதும், பருப்பு வேக நேரமெடுப்பதும் இதனால்தான். வெல்டிங் பிளான்ட்டின் உள்ளே இருக்கும் விசிறி ஒரு வினாடிக்கு எத்தனை லீற்றர் காற்றைத் தள்ளுமோ அத்தனை லீற்றரை மலையிலும் தள்ளும். ஆனால் ஒவ்வொரு லீற்றரிலும் இருக்கும் காற்றின் எடை குறைவு. வெப்பத்தைச் சுமந்து போவது அந்த எடைதான். வெப்பநிலை வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், கொழும்புக் காற்றைவிட நுவரெலியாக் காற்று ஏறத்தாழ ஆறிலொரு பங்கு இலேசானது.

மறுபக்கத்தில், தரம் 40 பாகைக் காற்றை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. நுவரெலியாவின் சராசரியோ 16 பாகையை ஒட்டியது. 24 பாகை கையிருப்பாகக் கிடைக்கிறது. இலேசான காற்றால் வரும் நட்டத்தை இது தாராளமாக ஈடுசெய்துவிடும். ஆகவே நிழலில் வைத்து வேலை செய்யும்வரை உயரத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. பெற்றோல் ஜெனரேட்டரில் பிளான்ட்டை ஓட்ட நினைப்பவர்கள்தான் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். எஞ்சின் சுவாசிக்கும் ஒட்சிசன் குறைவதால் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அதன் வலுவில் 3 வீதத்துக்குச் சற்று மேல் போய்விடும். நுவரெலியாவில் மொத்தமாக ஐந்திலொரு பங்கு. தகட்டில் 5 கிலோவொட் என்று போட்டிருந்தால் 4 என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

மலைநாட்டில் பிளான்ட்டைக் கொல்வது ஈரம். தரம் சொல்லும் 90 வீதத்தை இங்கே எந்த மூடுபனிக் காலையும் மீறிவிடும். தென்மேல் பருவக்காற்றில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டரை ஒட்டி மழை வாங்கும் வட்டவளைப் பக்கத்தைச் சொல்லவே வேண்டாம். இன்வேர்ட்டர் பிளான்ட்டின் சுற்றுப்பலகையில் 300 வோல்ட்டுக்கு மேல் நேரோட்டம் நிற்கிறது. இரவெல்லாம் இஸ்தோப்பில் குளிர்ந்து கிடந்த பெட்டியில் காலை ஈரக்காற்று பட்டதும் அந்தப் பலகையில் பனி படியும். அந்த நிலையில் சுவிட்சைப் போடுவதுதான் கடைசியாகப் போடுவது. பெட்டியைப் பொலித்தீனில் இறுகச் சுற்றி வைப்பது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அது இன்னும் கெடுதலாகிவிடும். காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், காம்பராவின் உட்சுவர் ஓரமாக, அடுப்புப் புகை படாத இடத்தில் வைத்தால் போதும். வேலை முடிந்ததும் உடனே அணைக்காமல் விசிறியைச் சற்று நேரம் ஓடவிடுங்கள். கிரைண்டரைப் பிளான்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஓட்டாதீர்கள். பறக்கும் இரும்புத்தூளை அதே விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரத்தோடு சேர்ந்த இரும்புத்தூள் மின்சாரத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கும்.

இனி, தீப்பொறிக்கு வருவோம். உலோகக் குச்சியின் முனையை இரும்பில் தொட்டு, இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலக்கினால் இடையிலுள்ள காற்று மின்னைக் கடத்தத் தொடங்குகிறது. அதற்கு வேண்டியது வெறும் 20, 25 வோல்ட்தான். ஆனால் நூறு அம்பியர் ஓட வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில் வெப்பநிலை சூரியனின் மேற்பரப்பை எட்டும், சிலவேளை தாண்டும். ஹம்ஃப்ரி டேவி போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த மின்வில்லைக் கண்டு வியந்தார்கள். அதை வைத்து இரும்பை ஒட்டலாம் என்று ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த பெனார்டோஸ் 1880களில் காபன் குச்சியைக் கொண்டு காட்டினார். 1888இல் ஸ்லாவியானோவ் இரும்புக் குச்சியையே உருக விட்டு நிரப்பினார். ஆனால் வெறும் இரும்புக் குச்சி போட்ட ஒட்டு, தட்டினால் உடையும். உருகிய இரும்பு காற்றிலுள்ள ஒட்சிசனையும் நைதரசனையும் குடித்துவிடுவதுதான் காரணம்.

தீர்வு சுவீடனிலிருந்து வந்தது. கப்பற் கொதிகலன்களில் ஒழுகும் ரிவெட்டுகளோடு மல்லுக்கட்டிய ஒஸ்கார் ஷெல்பெரி என்ற பொறியியலாளர், குச்சிக்கு ஒரு கனிமப் பூச்சைப் பூசினார். 1904இல் அவர் தொடங்கிய ஈசாப் கம்பனி இன்றும் இயங்குகிறது. பூச்சு எரியும்போது வாயுவாகி உருகிய இரும்பைச் சூழ்ந்து காற்றை விலக்குகிறது. மீதி கசடாக மிதந்து, ஆறும்வரை மேலே போர்த்திக்கொள்கிறது. இன்று ஹட்டன் டவுனில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும் 6013 குச்சியின் பூச்சில் முக்கியமானது ரூட்டைல், அதாவது தைத்தானியம் ஈரொட்சைட்டு. அந்த ரூட்டைல் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையின் கறுத்த மணலில் இல்மனைட்டோடு கலந்து கிடக்கிறது. லங்கா கனிய மணல் நிறுவனம் அங்கே அதைத் தோண்டிப் பிரித்து ஏற்றுமதி செய்கிறது. மணல் நம்முடையது, குச்சி பெரும்பாலும் இறக்குமதி.

6013 என்ற எண்ணின் கணக்கு எளிது. முதல் இரண்டு இலக்கங்கள் ஒட்டின் வலிமையை ஆயிரம் இறாத்தல் கணக்கில் சொல்கின்றன: சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல். மூன்றாவதாக வரும் 1 என்றால் கிடையாக, நெடுக்காக, தலைக்கு மேலே என எந்த நிலையிலும் போடலாம். கடைசி இலக்கம் பூச்சின் வகை.

எந்தப் பிளான்ட்டை வாங்குவது என்ற கேள்வி இந்த இடத்தில் மின்சாரத்துக்குள் நுழைகிறது. இதில்தான் மலைநாட்டு வீடுகள் கொழும்பு வீடுகளிலிருந்து அதிகம் வேறுபடுகின்றன. இலங்கையின் நீர்மின்சாரக் கதை இந்தத் தோட்டங்களுக்கு நடுவில் தொடங்கியது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912இல் நானுஓயாப் பக்கம் பிளக்பூலில் ஒரு சிறு நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுத்தார். பல பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு 1950இல் லக்ஷபான நிலையம் ஓடத் தொடங்கியது. காசல்ரீயும் மவுசாகலையும் நிரம்பி நாட்டுக்கு வெளிச்சம் போனது. அந்த நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த லயங்களில் வெகுகாலம் குப்பி விளக்குதான் எரிந்தது. பிறகு வந்த கம்பிகளும், தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் போட்ட கம்பிகளைப் போலத் தடித்தவையல்ல. விளக்கும் ரேடியோவும் என்ற கணக்கில் போட்ட கம்பியில் இன்று டீவி, ஃப்ரிட்ஜ், ரைஸ் குக்கர் எல்லாம் தொங்குகின்றன. அதன் கடைசி முனையில் நீங்கள் ஒரு வெல்டிங் பிளான்ட்டை மாட்டப் போகிறீர்கள்.

பழைய ட்ரான்ஸ்போமர் பிளான்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். செம்பும் இரும்புத் தகடுமாக இருவர் தூக்கும் கனம். சுமையில்லாதபோது அதன் வெளியீடு 50 வோல்ட் என்று வைப்போம். ட்ரான்ஸ்போமருக்கு ஒரு பிடிவாதமான விதி உண்டு: வெளியே ஓடும் அம்பியரை வோல்ட் விகிதத்தால் பெருக்கினால் உள்ளே இழுக்கும் அம்பியர் கிடைக்கும். வெளியே 100 அம்பியர் என்றால் உள்ளே 100 × 50 ÷ 230, அதாவது 22 அம்பியர். சுமையில்லா அளவு 70 வோல்ட்டான பிளான்ட் என்றால் 30. பெரிய குச்சி போட்டு 160 அம்பியருக்குப் போனால், 50 வோல்ட் பிளான்ட்டே 35 அம்பியர் கேட்கும். மின்சார சபை சாதாரண வீட்டுக்குத் தருவது ஒற்றைப் பேஸில் 30 அம்பியர். சில வீடுகளில் 15 மட்டும். குச்சியைத் தொட்டதும் மெயின் சுவிட்ச் விழுவதும், லயம் முழுக்க விளக்கு மங்குவதும் இதனால்தான். வில்லுக்குள் வெப்பமாகும் வலு உண்மையில் 2.4 கிலோவொட்தான். மீதி, வோல்ட்டின் ஆட்டத்தோடு ஒத்துப்போகாமல் கம்பியில் வீணாக ஓடித் திரும்பும் ஓட்டம். அதைச் சுமந்து சூடாவது ஊர்க்கம்பி.

இன்வேர்ட்டர் வேறு வழியில் போகிறது. வீட்டுக்கு வரும் ஆடலோட்டத்தை முதலில் நேரோட்டமாக்குகிறது. பிறகு அதைக் குறைகடத்திச் சுவிட்சுகளால் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, ஒரு குட்டி ட்ரான்ஸ்போமருக்குள் அனுப்பி, வெளியே வரும்போது மறுபடி நேரோட்டமாக்குகிறது. வினாடிக்கு 50 தடவை ஆடும் மின்னோட்டத்துக்குப் பெரிய இரும்புக் கருவும் ஏராளமான செம்புச் சுற்றும் வேண்டும். வேகம் கூடினால் அதே வலுவைக் கடத்தக் கரு சிறியதாக இருந்தாலே போதும். நாற்பது கிலோ ஐந்து கிலோவாகச் சுருங்கியதன் இரகசியம் இதுதான். 24 வோல்ட்டில் 100 அம்பியர், இழப்புகளையும் சேர்த்து 3 கிலோவொட். மின்னலைகளின் உச்சியில் மட்டும் கவ்வி இழுக்கும் பழக்கத்தையும் சேர்த்தால் 18 அம்பியர். முப்பது அம்பியர் வீட்டில் இது அடங்கும். பக்கத்துக் காம்பராவின் டீவியும் அணையாது.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் கடையில் ஏமாற முடியாது. கைப்பிடியுள்ள குட்டிப் பெட்டியில் 300 என்று பெரிய எழுத்தில் அடித்திருப்பார்கள். முந்நூறு அம்பியரில் குச்சி வெல்டிங் செய்ய 32 வோல்ட் தேவை, அதாவது 9.6 கிலோவொட், இழப்போடு 12. உங்கள் வீட்டுக் கம்பி தரக்கூடியது 230 × 30, ஆக 6.9. அந்த 300 உண்மையாகவே இருந்தாலும் உங்கள் காம்பராவில் இராது. வீட்டு வேலைக்கு உண்மையான 120, 140 அம்பியரே மிச்சம். கடையில் 12 கேஜ் என்று கேட்டு வாங்கும் இரண்டரை மில்லிமீட்டர் குச்சிக்கு 70 முதல் 90 போதும். 10 கேஜ் குச்சிக்கு 100 முதல் 130. பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓடலாம் என்ற வீதக்கணக்கையும் தகட்டில் பார்க்கலாம். ஆனால் அதை வைத்து விற்பனையாளர் செய்யும் ஆர்ப்பாட்டத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. இரண்டரை மில்லிமீட்டர் குச்சி ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்த குச்சி மாட்டுமுன் கசடைத் தட்ட வேண்டும், பிரஷ் போட வேண்டும், கோணத்தைப் பார்க்க வேண்டும். வீட்டு வேலைக்காரன் தானாகவே ஓய்வு கொடுத்துவிடுகிறான்.

நான் பெரிதாக எடுப்பது தகட்டின் ஒரு மூலையில், சதுரத்துக்குள் இருக்கும் எஸ் எழுத்தை. மின்னதிர்ச்சி அபாயம் கூடிய இடங்களிலும் பயன்படுத்தலாம் என்பதற்கான குறி அது. ஈரமான நிலம், நனைந்த உடை, இரும்புக்குள் நெருக்கி உட்கார்ந்து செய்யும் வேலை எல்லாம் அந்த அபாய வரிசையில் வருகின்றன. மலைநாட்டு மழைக்காலத்தில் எந்த இஸ்தோப்பும் அப்படித்தான். அபாயமான இடத்தில் ஆடலோட்டப் பிளான்ட்டின் சுமையில்லா வோல்ட் 48ஐத் தாண்டக்கூடாதென்பது விதி. மற்ற இடங்களில் 80 வரை அனுமதி உண்டு. பழைய பிளான்ட்டுகள் பல அந்த 80க்குப் பக்கத்தில் நிற்கின்றன. ஆடலோட்டம் தசையைப் பிடித்து இழுக்கும், கையை விடவிடாது. குச்சி தொடாத நேரத்தில் வோல்ட்டைத் தானாக இறக்கிவைக்கும் வசதி சில இன்வேர்ட்டர்களில் உண்டு. கொஞ்சம் விலை கூடினாலும் அதற்குக் கொடுக்கலாம்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று சொல்வார்கள். அது பிளான்ட்டின் உள்ளே வரும் பக்கத்தைத்தான் காவல் காக்கும். வெளியேறும் பக்கம் ட்ரான்ஸ்போமரால் பிரிக்கப்பட்டிருப்பதால், ஹோல்டரும் நீங்களும் ஈரமண்ணும் சேர்ந்து ஒரு சுற்றானால் ட்ரிப் சுவிட்சுக்கு எதுவுமே தெரியாது. காய்ந்த தோல் கையுறை, ரப்பர் அடியுள்ள சப்பாத்து, காலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு இவைதான் அங்கே காவல். நனைந்த கையுறையைப் போட்டும் பயனில்லை.

நீட்டுக்கம்பியைப் பற்றியும் ஒரு கணக்கு. முப்பது மீட்டர் நீளமான 1 சதுர மில்லிமீட்டர் வயரில், போகவும் வரவுமாக ஏறத்தாழ 1.1 ஓம் தடை இருக்கும். 18 அம்பியர் ஓடினால் 20 வோல்ட் அந்த வயரிலேயே தொலையும். 350 வொட் வெப்பம், அதாவது ஒரு சிறு ரைஸ் குக்கரின் சூடு, வயரில் கிளம்பும். சுருளாக வைத்திருந்தால் உறை உருகி ஒட்டிக்கொள்ளும். இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் வயரென்றால் இழப்பு 8 வோல்ட்தான். சட்டப்படி வீட்டுக்கு 230 வோல்ட், 6 வீதம் கூடவோ குறையவோ வரலாம். மாலை ஆறரைக்குப் பிறகு, எல்லா அடுப்பும் டீவியும் ஏறும் நேரத்தில், நீளக்கம்பியின் கடைசி வீட்டில் என்ன வருகிறதென்பதை ஒரு மல்ட்டிமீட்டரால் அளந்து பாருங்கள். வெல்டிங்கைப் பகலில் வைத்துக்கொள்ள அந்த ஒரு அளவே போதும்.

கம்பிச் சுருள் போட்டுக் காபனீரொட்சைட்டு வாயுவால் மூடிச் செய்யும் மிக் வெல்டிங்கைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. மெல்லிய தகட்டில் அதன் அழகே தனி. ஆனால் ஹட்டன் கணவாயில் அடிக்கும் ஆடிக்காற்றில் வாயுப் போர்வை நொடியில் கலைந்துவிடும். ஒட்டு தேன்கூடுபோலத் துளைத்துப்போகும். நாலு சுவரும் கதவும் உள்ள கொட்டகை இல்லாதவரை, தன் போர்வையைத் தானே உண்டாக்கும் பூச்சுக் குச்சிதான் மலைக்குச் சரி.

அந்தக் குச்சிக்கும் ஈரமே எதிரி. நீராவி வில்லில் உடைந்து ஐதரசனாகும். ஐதரசன் அணு மிகச் சிறியது. உருகிய இரும்புக்குள் புகுந்து, ஆறிய பிறகும் உள்ளே அலைந்து, கடினமான இடங்களில் சேரும். வெல்டிங் செய்தபோது பளபளவென்று இருந்த ஒட்டு இரண்டு நாள் கழித்துத் தானே விரிவது இதனால்தான். தடித்த இரும்பிலும் குளிர்ந்த இரும்பிலும் இது அதிகம். பனிக்காலத்துக் காலையில் வேலை தொடங்குமுன் கேஸ் தீயை இரும்பில் ஓடவிட்டு ஈரத்தை ஓட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. 6013 குச்சி கொஞ்சம் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். கூடிப்போனால் சடசடவென்று தெறிக்கும், ஒட்டில் துளை விழும், பூச்சு உதிரும். 7018 குச்சியின் கதை வேறு. அது ஐதரசனைக் குறைக்கவென்றே செய்யப்பட்டது. பெட்டி திறந்து சில மணி நேரத்தில் ஈரம் குடித்துவிடும். குடித்தால் 300 பாகைக்கு மேல் அடுப்பில் வாட்டித்தான் மீட்க முடியும். அந்த அடுப்பு இல்லாத வீட்டில் 7018ஐ வாங்கி வைப்பது வீண்செலவு. 6013ஐ மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் போட்டு, சிலிக்கா ஜெல் பைகள் நாலைந்தை உள்ளே வைத்தால் போதும்.

எதை ஒட்டலாம், எதைத் தொடக்கூடாது என்பது தோட்டத்துப் பொருட்களில் தனிப்படிப்பு. வீட்டுப் பட்டறைக்கு முதலில் வருவது கவ்வாத்துக் கத்தியும் அலவாங்கும் முள்ளும். கத்தியின் அலகு கூடிய காபன் உருக்கு. வில் பட்ட இடம் செங்கனலாகி, சுற்றியுள்ள குளிர்ந்த உருக்கு அந்தச் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிவிடும். தண்ணீரில் தோய்த்ததற்குச் சமம். அந்த ஓரம் கண்ணாடிபோல் கடினமாகி, தேயிலைத் தூரில் முதல் வெட்டிலேயே தெறிக்கும். தெறிக்கும் துண்டு யார் மேல் படும் என்று சொல்ல முடியாது. அலகை ஒட்டாதீர்கள். பிடிக்குள் போகும் வால்பகுதி மட்டும் முறிந்திருந்தால், 250 பாகைக்குச் சூடேற்றி, சாதாரண உருக்குத் துண்டை ஒட்டி, உடனே அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடலாம். சாம்பலுக்கு லயத்தில் பஞ்சமில்லை.

எந்த உருக்கு எதுவென்று தெரியாவிட்டால் கிரைண்டரில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். சாதாரண உருக்கு நீண்ட, கிளையில்லாத பொறியாக ஓடும். காபன் கூடக்கூட பொறியின் நுனி பூப்போல வெடித்துக் கிளைவிடும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பில் இருக்கும்.

அந்தக் குட்டைச் சிவப்பு வந்தால் நிறுத்துங்கள். பழைய தேயிலைத் தொழிற்சாலைகளில் உருட்டும் இயந்திரங்களும் உலர்த்திகளும் வார்ப்பிரும்புக் கால்களில் நிற்கின்றன. வில்லியம் ஜாக்சனின் வடிவமைப்பில் கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பனி செய்த ரோலர்களும், பெல்ஃபாஸ்ட் டேவிட்சனின் சிரோக்கோ உலர்த்திகளும் ஒரு காலத்தில் மலையெங்கும் வந்து இறங்கின. அப்படியொரு இயந்திரத்திலிருந்து கழன்ற துண்டோ, பாட்டியின் தையல் மெஷின் காலோ வீட்டுப் பட்டறைக்கு வந்து சேரும். வார்ப்பிரும்பில் காபன் 2 முதல் 4 வீதம்வரை இருக்கிறது. 6013 போட்டால் ஒட்டு பிடிக்கும். ஆறும்போது டிக்கென்று ஒரு சத்தம் கேட்கும். பக்கத்தில் புது விரிசல் ஓடியிருக்கும். நிக்கல் குச்சி போட்டு, ஓர் அங்குலத்துக்கு மேல் போகாமல் நிறுத்தி, சூடாக இருக்கும்போதே சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொடுத்து, கை வைக்க ஆறிய பின் அடுத்த அங்குலம் என்று போக வேண்டும். பொறுமையில்லாதவர்களுக்கு ஒட்சி-அசட்டலீன் தீயில் பித்தளை உருக்கி ஒட்டுவது நல்லது. வார்ப்பிரும்பு உருகாது, பித்தளை மட்டும் ஓடிப் பிடிக்கும்.

கல்வனைஸ் குழாய் எல்லா வீட்டிலும் உண்டு. பீலித் தண்ணீர் அதில்தான் வருகிறது. இரும்பு உருகுவது 1538 பாகையில், மேலுள்ள நாகப்பூச்சு கொதித்து ஆவியாவது 907இல். ஆக, வில் தொட்டதும் எழும் வெள்ளைப் புகை நாக ஒட்சைட்டு. மூச்சில் போனால் அன்று இரவு குளிர் நடுக்கம், காய்ச்சல், மேல்வலி, வாயில் இனிப்பான உலோகச் சுவை எல்லாம் வரும், மறுநாள் தெளிந்துவிடும். மலேரியாவோ என்று பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் உண்டு. பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பாஸ்மார் சொல்வார்கள். பால் போவது வயிற்றுக்கு, புகை இருப்பது நுரையீரலில். ஒட்டும் இடத்தில் இரண்டு அங்குலம்வரை பூச்சை கிரைண்டரில் எடுத்துவிட்டு, காற்றுக்கு முதுகைக் கொடுக்காமல் பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். முதுகைக் கொடுத்தால் புகை முகத்துக்கு முன்னே சுழன்று நிற்கும்.

கண்ணுக்கு 100 அம்பியரில் 10ஆம் நம்பர் கண்ணாடி. தானாகக் கறுக்கும் தொப்பி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. நல்லதுதான், கறுக்காத நிலையிலும் ஊதாக்கடந்த கதிரை மறிக்கும். பற்றரியை மட்டும் அடிக்கடி பாருங்கள். கண் பொங்குவது அந்த நேரத்தில் தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நடுச்சாமத்தில், கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல் எரியும். உருளைக்கிழங்கு வட்டமும் தாய்ப்பாலும் வைத்துக் காத்திராமல் வைத்தியரிடம் போவதே சரி.

பத்து காம்பரா ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இடத்தில் வீட்டுப் பட்டறை என்பது ஒரு வீட்டுக்கு உரியதல்ல. உங்கள் முகத்தில் தொப்பி இருக்கிறது. பள்ளிவிட்டு வரும் பிள்ளை அந்த நீல வெளிச்சத்தைப் பார்க்க நிற்கும். வெள்ளையடித்த சுவர் கதிரைத் திருப்பி எதிர்க் காம்பரா ஜன்னலுக்குள் எறியும். ஒரு பழைய கம்பளியையோ தடித்த கன்வஸையோ மூன்று பக்கமும் கட்டிவிட்டுத்தான் குச்சியைத் தொட வேண்டும். நைலோன் துணி வேண்டாம். பொறி பட்டதும் உருகும்.

பொறி பத்து மீட்டர்வரை போகும், தகரத்தின் இடுக்கிலும் புகும். லயத்தில் தீப்பிடித்தால் ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. ஒரே கூரை, உள்ளே விறகும் பழைய சாக்கும் சீலிங்குக்கு ஒட்டிய கடதாசியும். தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்குத் தேயிலைப் பஞ்சுத் தூசு மூலையில் எப்படிக் கனன்றுகொண்டே கிடக்கும் என்பது தெரியும். வேலை தொடங்குமுன் இரண்டு வாளியில் தண்ணீரும் ஒன்றில் மணலும் வையுங்கள். பிளான்ட்டின் பிளக்கைக் கழற்றும்வரை தண்ணீரை எதன் மேலும் ஊற்றக்கூடாது. முன்பு வேலை முடிந்து அரை மணி நேரம் காவல் இருந்தால் போதும் என்றிருந்த அமெரிக்கத் தீத்தடுப்பு விதி, 2019இல் அதை ஒரு மணி நேரமாக்கியது. அந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்துக் காம்பராக் கதவைத் தட்டி, சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்கிய விறகில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவர்கள் கொழுந்து எடுக்கப் போயிருந்தால், திரும்பி வரும்வரை வெல்டிங்கைத் தொடங்காதீர்கள்.